குடைக்காரி பேசாத வசனம்

ஜனவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதே. உன் 'ஹலோ'வைக் கேட்டாலே எனக்குக் கத்த வரும். நான் கத்தினால் நீ கல்லுளிமங்கன் மாதிரி மூச்சுக்கூட விடாமல் இருப்பாய். எழுதினால் கத்துகிற சத்தமாவது வெளியே கேட்காது.

நம் 'குடைக்காரி' கார்ட்டூன் தொடரை டிவிடியாகப் போடப் போகிறார்கள். நீயும் நானும் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு, விசிறி போட்டால் மைக்கில் சத்தம் விழும் என்று வியர்க்க வியர்க்கச் செய்தோமே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் அதைப் பார்த்த பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்களாம். கடை கடையாகக் கேட்கிறார்களாம். டிவிடி நிறுவனத்து ஆள் வீடு தேடி வந்து சொன்னார். நான் அவரைத் தட்டுக்காரர் என்றுதான் சொல்கிறேன். அவருக்குப் பேச்செல்லாம் டிவிடித் தட்டுதான். எத்தனை தட்டு, எந்தத் தட்டில் எத்தனை பாகம், தட்டின் மேல் என்ன படம்.

துணி பறப்பதைச் செய்ய உனக்குத் தெரியாததால் மேலங்கிக்குப் பதிலாகக் குடையோடு பறக்கிற நாயகி. முடி அசைவதைச் செய்யத் தெரியாததால் அவள் தலையில் எப்போதும் தொப்பி. கதவு மட்டும் நன்றாகச் செய்வாய் என்பதால் ஊர்க் கதவையெல்லாம் பூட்டிவிடும் வில்லன், பூட்டு மன்னன். கூடமாட ஒத்தாசைக்கு டப்பா என்ற தகர ஆள், அதற்கு உன் குரல். தட்டுக்காரர் இதையெல்லாம் "தனி அழகியல் மேடம்" என்கிறார். நான் மறுக்கவில்லை.

இப்போது கேள்வி. குரல் கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரும் சம்மதமும் அவருக்கு வேண்டுமாம். பன்னிரண்டு பாகத்தில் குடைக்காரி நான். பதின்மூன்றாம் பாகத்துக்கு நான் குரல் கொடுக்கவில்லை. அதற்கு முன்பே நீ வேறு ஊரில் வேலைக்குச் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்ட பிறகு என்னிடம் வந்து சொன்னாய். அன்றைக்கு மைக்கை விட்டு எழுந்தவள்தான் நான். நீயாக அந்தப் பாகத்தை முடித்து டிவிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். நான் அதை இன்றுவரை பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். கடைசிப் பாகத்தில் உன் குரல் என்னவோ மாதிரி இருந்ததே, ஜலதோஷமா என்று எதிர்வீட்டம்மா கேட்டபோதே வேறு யாரோ பேசியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அது யார்? பெயரை மட்டும் எழுது.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

எங்கள் ஊரிலும் நலம்தான். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

டிவிடி வருவதில் சந்தோஷம். அட்டைப் படத்தை மட்டும் அச்சுக்குப் போகுமுன் நீ ஒருமுறை பார்த்துவிடு. எவனாவது குடையை இடது கையில் கொடுத்துவிடுவான். அவள் வலது கையால்தான் பிடிப்பாள், இடது கை மணிக்கட்டு எனக்குச் சரியாகவே வரவில்லை என்பது உனக்குத் தெரியும்.

இங்கே என் வேலை பல். பற்பசை விளம்பரம். ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கண், மூக்கு, கை, கால் எல்லாம் வைத்து ஆடவிடுகிறேன். பல்லுக்குள் ஒரு வாய், அந்த வாய்க்குள் பற்கள் வேண்டும் என்கிறார் மேலாளர். பல்லுக்கு எதற்கு சார் பல் என்று கேட்டேன். முறைத்தார். இப்படித்தான் போகிறது.

பதின்மூன்றாம் பாகத்துக்கு யாரிடமும் சம்மதம் வாங்க வேண்டாம். பெயர்ப் பட்டியலில் உன் பெயரையே போடச் சொல். மேலே கேட்காதே. கேட்டுத்தான் தீருவேன் என்றால் போய் அந்தப் பாகத்தைப் பார். இருபத்திரண்டு நிமிஷம்தான் ஓடும். ஒரு கடிதம் எழுதுகிற நேரம்கூட ஆகாது.

தம்பி


ஜனவரி 31

தம்பிக்கு,

என் பெயரைப் போடுவதா? வேறொருத்தி பேசியதற்கு என் பெயரா? நான் என்ன அவ்வளவு கெட்டா போய்விட்டேன்?

நேராகவே கேட்கிறேன். அது உன் மனைவிதானே? நீ போன மறு வருஷமே கல்யாணம் என்றாய். அதற்கு முன்பே பழக்கம் இருந்திருக்கும். என் குடைக்காரியை அவளிடம் தூக்கிக் கொடுத்திருப்பாய். அந்தக் கல்யாணத்துக்கு வந்து, வாயைத் திறக்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேனே, ஏன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? அந்தப் பெண் ஒவ்வொரு வருஷமும் வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கைதான் என் மைக்கையும் பிடித்தது என்று வயிறு எரிகிறது.

இதோடு விட்டதா? தட்டுக்காரர் நேற்று மறுபடி வந்தார். பதின்மூன்றாம் பாகத்தில் கடைசிக் காட்சியில் சத்தமே இல்லையாம். குடைக்காரி வாய் திறந்து ஏதோ சொல்கிறாள், ஒன்றும் கேட்கவில்லையாம். "டேப்ல கோளாறா மேடம், இல்ல அப்படித்தான் எடுத்தீங்களா?" என்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதிய காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டப்பா கிளம்புகிறேன் என்று வாசல்வரை போகும். குடைக்காரி "போகாதே" என்பாள். அது திரும்பி வரும். முடிந்தது. அந்த ஒரு வார்த்தையைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்யாமல் நீ பெட்டியைக் கட்டியிருக்கிறாய்.

"ஒரு நல்ல பொண்ணா பார்த்து அந்த ஒரு வார்த்தையை நிரப்பிடலாம் மேடம், இல்லன்னா பன்னண்டு பாகத்தோட நிறுத்திக்கலாம்" என்கிறார். மார்ச் மாதக் கடைசி வரைதான் பொறுப்பாராம். முடிவில்லாமல் ஒரு தொடரை விற்பதா, இல்லை மூன்றாவதாக ஒருத்தியைப் பேசவிடுவதா? உன்னால் என் மண்டை காய்கிறது.

அக்கா


பிப்ரவரி 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பாட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து வெளியே போய்விடும். அவளா குடைக்காரி? அந்தத் தொடர் முடிந்த பிறகு, இந்த ஊருக்கு வந்த பிறகுதான் அவளையே பார்த்தேன். ஐந்து வருஷமாக ஒரு பாவமும் அறியாதவளை முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது நியாயம்.

வேறு யாரும் பேசவில்லை. எவளும் இல்லை. எத்தனை முறை சொல்வது?

பார்த்துத் தொலையேன் அந்தப் பாகத்தை. உன் வீறாப்புக்கு ஓர் அளவு வேண்டாமா?

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

பார்த்தேன்.

தட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பதின்மூன்றாம் பாகத்து வட்டு மேசை மேலேயே கிடந்தது. உன் மாமா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எவள் என்று கண்டுபிடித்தே தீர்வது என்றுதான் போட்டேன். முதல் வசனம் வந்ததும் உள்ளேயிருந்து அவர், "உன் குரல்தானே? நீ பேசலன்னு சொன்ன?" என்றார். நிறுத்திவிட்டு முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

என் குரல்தான். நான் பேசாத பாகத்தில் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதல் காட்சியில் குடைக்காரி இருட்டில் "யாரது?" என்கிறாளே, அது மூன்றாம் பாகம் பேசும்போது யாரோ கதவைத் தட்ட, எரிச்சலில் நான் கேட்டது. கோட்டைக்குள் அடைபட்டு "கொஞ்சம் தண்ணி" என்று கேட்பது, தொண்டை வறண்டு உன்னிடம் நான் கேட்டது. "கதவைச் சாத்து, சத்தம் வருது" என்று உன்னைத்தான் அதட்டினேன். நீ அதை எடுத்து, பூட்டு மன்னனின் படை வரும்போது டப்பாவுக்கு அவள் போடுகிற உத்தரவாக வைத்திருக்கிறாய். அவள் சிரிப்பது, டப்பாவின் குரலில் நீ தும்மினாயே, அதற்கு நான் சிரித்த சிரிப்பு. வேண்டாமென்று தள்ளிய பதிவு, குப்பையில் போக வேண்டிய டேக் எல்லாவற்றையும் பொறுக்கி வைத்திருந்தாயா? ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வொரு தூரத்தில் கேட்கிறது. எதிர்வீட்டம்மா ஜலதோஷம் என்று சொன்னதில் தப்பில்லை.

பிறகு சண்டைக் காட்சி. குடைக்காரி பூட்டு மன்னனைப் பார்த்துக் கத்துகிறாள். "போ! போய்த் தொலை! இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

அதை நான் பூட்டு மன்னனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னாய், நான் கத்தினேன், நீ ஒரு வார்த்தை பேசாமல் நின்றாய், நான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். அதையும் வெட்டி ஒட்டி ஊர் முழுக்கக் காட்டிவிட்டாயே! ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் கை தட்டியிருக்கும். உனக்கு எப்படி மனசு வந்தது? அந்த வில்லன் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இத்தனையும் செய்தவனுக்கு ஒரு "போகாதே" செய்யத் தெரியவில்லையா? அவள் வாய் திறக்கிறாள், மூடுகிறாள், சத்தமில்லை. டப்பா வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நான் அப்படி எழுதவில்லை. அது திரும்பி வர வேண்டும்.

அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமா போன் போட்டுச் சொல்லிவிடுவார்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

இப்போதும் குற்றவாளி நான்தான், இல்லையா? சரி, கேள்.

நீ கதவை அறைந்துவிட்டுப் போன பிறகு பதின்மூன்றாம் பாகத்தில் உன் வசனம் ஒன்றுகூட என் கையில் இல்லை. டிவிக்காரர்கள் தினமும் போன் செய்து உயிரை எடுத்தார்கள். உன்னை எத்தனை முறை கூப்பிட்டேன்? மாமாதான் எடுப்பார். "தூங்குறா" என்பார். பகல் பதினோரு மணிக்கு யார் தூங்குவார்கள்? வேறு பெண்ணை வைத்துப் பேசவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். குடைக்காரி நீதான். அதில் எனக்குப் பேச்சே கிடையாது.

அதனால் பன்னிரண்டு பாகத்தின் கழிவு டேக் எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். நீ இருமியது, திட்டியது, கணக்குப் பார்த்தது, பக்கத்து வீட்டு நாயை அதட்டியது. கிடைத்த வார்த்தைக்கு ஏற்ற மாதிரி காட்சியை மாற்றினேன். தண்ணி கேட்டு நீ பேசியது இருந்ததால்தான் குடைக்காரி கோட்டைக்குள் அடைபட்டாள். உன் கதையில் அவள் மலைமேல் இருந்தாள். நீ பார்த்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பாய்.

அந்தக் கத்தலை ஏன் வைத்தாய் என்கிறாய். பூட்டு மன்னனை விரட்ட ஒரு கத்தல் தேவைப்பட்டது. அவ்வளவு உண்மையான கத்தல் என்னிடம் வேறு இல்லை. என் காதிலேயே ஓடிக்கொண்டிருந்ததை வேறு யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது. அவனிடம் தள்ளினேன். தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும்.

"போகாதே" மட்டும் கிடைக்கவில்லை. அத்தனை மணி நேரப் பதிவில் "வா", "நில்", "சீக்கிரம்", "மடையா" எல்லாம் இருக்கிறது. என்னிடம் "போகாதே" என்று நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இருந்தால்தானே ஒட்டுவதற்கு?

இன்னொன்று. டப்பா திரும்பி வருகிற காட்சியும் இருக்கிறது. முதலில் அதைத்தான் செய்தேன். அவள் கூப்பிடுகிறாள், அது நிற்கிறது, தலையைத் திருப்புகிறது, தடதடவென்று ஓடி வருகிறது. என்றைக்காவது நீ வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. கூப்பிடாமல் அது எப்படித் திரும்பும்? கடைசி நாளில் அதை எடுத்துவிட்டு, போகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன்.

அந்தப் பழைய காட்சி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தட்டுக்காரரிடம் மூன்றாவது பெண்ணையெல்லாம் தேட வேண்டாம் என்று சொல். நீ போய் அந்த வசனத்தைப் பேசி எனக்கு அனுப்பு. நான் சேர்த்து முடிக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்கும் தூங்கிவிடாதே.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

பேசிவிட்டேன். வட்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மடக்கிவிடாதே.

ஒரே ஒரு வார்த்தை என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். தட்டுக்காரர் என்னை ஒரு பெரிய ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். குளிர்சாதனம், சுவரெல்லாம் மெத்தை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர். நம் கொடியும் ஈரத் துணியும் இல்லாமல் எனக்குக் கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. திரையில் குடைக்காரி, அவளுக்கு முன்னால் டப்பாவின் முதுகு. வாசலைப் பார்த்து நிற்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தது. "போகாதே!" என்றேன்.

"மேடம், திட்டுற மாதிரி இருக்கு. கொஞ்சம் பாசமா" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

மறுபடி சொன்னேன். அதுவும் அதட்டல். அடுத்தது கெஞ்சல், எனக்கே பிடிக்கவில்லை. அடுத்தது செய்தி வாசிக்கிற மாதிரி. தட்டுக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சின்ன வார்த்தை ஏன் என் வாயில் நேராக வரமாட்டேன் என்கிறது? யார் மேல் கோபம் என்று தெரியாமலே அந்த மைக்கை முறைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில், "அந்தத் திரையை அணைச்சிடுங்க" என்றேன். "பாக்காம எப்படி மேடம் வாயசைவுக்குப் பேசுவீங்க?" என்றார் அவர். "அணைங்க சொல்றேன்" என்றேன். அணைத்தார். எதிரே வெறும் கண்ணாடி. அப்போது சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் ஒலிப்பதிவுக்காரர் பதிவை நிறுத்தினார். பிறகு தட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது போதும் மேடம்" என்றார். குளிர்சாதனத்தால் என்று வைத்துக்கொள்.

உன் வேலையைச் சீக்கிரம் முடித்து அனுப்பு. உன் மனைவிக்கு இதனுடன் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அது அவளுக்கு. நீ படிக்காதே.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

வட்டு மடங்காமல் வந்தது. ஆனால் ஒரு சிக்கல்.

குடைக்காரியின் உதட்டை நான் நீ எழுதிய வசனத்துக்குத்தான் அசைத்து வைத்திருக்கிறேன். "போகாதே." 'போ'வுக்கு உதடு குவியும், 'கா'வுக்குத் திறக்கும், 'தே'வுக்கு விரியும், அப்புறம் மூடிவிடும். உன் வட்டைப் போட்டால், "போகாத தம்பி. இரு" என்று வருகிறது. அவள் வாயை மூடிய பிறகும் குரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பொம்மலாட்டம் மாதிரி இருக்கிறது.

அதுவும் போக, டப்பா அவளுக்குத் தம்பி இல்லை. அது தகரம். பதின்மூன்று பாகத்தில் ஓர் இடத்தில்கூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தை நான் மாற்றினால் குதிப்பாயே, இப்போது நீயே மாற்றலாமா?

தட்டுக்காரருக்கு நாள் கொஞ்சம்தான் இருக்கிறது. தயவுசெய்து எழுதியபடி ஒருமுறை பேசி, வேறு டேக் அனுப்பு.

என் மனைவி உன் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. படித்துவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியையும் காணோம்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

வேறு டேக் கிடையாது.

எழுதியபடி எத்தனை முறை சொல்லிப் பார்த்தேன் என்று போன கடிதத்தில் எழுதினேனா இல்லையா? ஒன்றும் தேறவில்லை. திரையை அணைத்த பிறகு வந்தது இது ஒன்றுதான். நான் டப்பாவிடம் பேசினேன் என்று உனக்கு யார் சொன்னது? உனக்கு மூளை எங்கேயடா இருக்கிறது, பல்லுக்குள்ளா?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது. சொல்லியிருந்தாலும் நீ போயிருப்பாய், அது உன் இஷ்டம். நான் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றில் ஆறு வருஷமாகக் கிடந்தது. இப்போது சொல்லியாகிவிட்டது. பார்க்கிறவர்கள் குழம்பினால் குழம்பட்டும்.

குரலை வெட்டாதே. 'தம்பி'யை எடுக்காதே. உதட்டை மாற்று.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

உதட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன். 'ம்பி'க்கு உதடு ஒட்டிப் பிரிய வேண்டும், 'இரு'வுக்குக் கொஞ்சம்தான் திறக்க வேண்டும். நிறையத் திறந்தால் கத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது, நீ அங்கே கத்தவில்லை.

உதடு பொருத்துகிற வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். வசனத்தை ஓடவிட வேண்டும், நிறுத்த வேண்டும், பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட வேண்டும். இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் உன் குரல்தான். பூனைகூட வெளியே போகாமல் மேசைக்கு அடியிலேயே படுத்திருக்கிறது.

நேற்று என் மனைவி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "அதான் கச்சிதமா பொருந்திடுச்சே. அப்புறமும் எதுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றேன்.

தட்டுக்காரரிடம் மேலும் இரண்டு நாள் கேட்டு வாங்கு. உதடு இன்னும் பொருந்தவில்லை என்று சொல்.

தம்பி